தானாக வந்த மீன்கள்

போன வாரம் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். ராட்டினம், டெல்லி அப்பளம், வளையல் கடை... எல்லாம் வழக்கம்போல. புதிதாக ஒரே ஒரு ஸ்டால். அங்கேதான் கூட்டம். முகத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். மாட்டியவர் உட்கார்ந்த இடத்திலேயே "ஐயோ... அம்மா..." என்று அலறுகிறார். அவர் கண்ணுக்குள் ரயில் மலை உச்சியிலிருந்து விழுகிறது. சுற்றி நிற்கிற நமக்கோ, ஒரு பெரிய மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை உதறிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிகிறது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே மாதிரி ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு கந்தண்ணன் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். பொருட்காட்சியிலிருந்து திரும்பியபிறகு முடியவில்லை.

கந்தண்ணன் என்கிற கந்தசாமி, திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் என் எதிர்வீட்டுக்காரர். நிட்டிங் ஆபரேட்டர். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் போட்டிருக்கிற பனியன் துணி தறியில் நெய்தது இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் வட்ட மிஷினில், ஊசிகள் சுற்றிச் சுற்றிப் பின்னியது. மேலேயிருந்து நூல் இறங்கும். கீழே துணி ஒரு பெரிய குழாய்போலச் சுற்றிக்கொண்டே இறங்கும். ஆபரேட்டர் அதை லைட் வெளிச்சத்தில் பார்த்தபடி நிற்க வேண்டும். ஊசி ஒன்று உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். ஓட்டை விழுந்ததைக் கவனிக்காமல் விட்டால், அத்தனை துணியும் வீண்.

ஆக, சுற்றுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் வேலை. மீசை முளைத்த காலத்தில் அந்த மிஷின் முன்னால் நின்றவர், மீசை நரைக்கும்வரை நின்றார்.

நான் எங்கேயும் நிற்காத ஜாதி. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனர், சூரத்தில் ஹோட்டல் சப்ளையர், காதர்பேட்டை பனியன் கடைகளில் பண்டல் தூக்குகிறவன்... திருப்பூரை விட்டுப் பலமுறை ஓடிப்போய், பலமுறை திரும்பி வந்தவன். பட்டினி கிடந்த ஊர்களும் உண்டு, அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரே மிஷின் முன்னால் ஒரு மனிதன் இத்தனை வருஷம் நிற்பது எனக்குப் பெரிய விஷயம். ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"அண்ணே, சுத்துறதையே பாத்துக்கிட்டிருந்தா உங்களுக்குக் கிறுகிறுன்னு வராதா?"

"புதுசுல வருமுங்க தம்பி. துணி பின்னாடியே கண்ணு போச்சுன்னா ஆளைச் சாச்சுப்போடும். துணி பின்னாடி நாம போகக் கூடாதுங்க. கண்ணை ஒரே எடத்துல வெச்சுட்டு நிக்கோணும். அது தானா சுத்தி நம்மகிட்ட வரும். வர்றப்பப் பாத்துக்கலாம்."

எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கை முழுக்க எதன் பின்னாலாவது ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அப்படித்தானே இருக்கும்?

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன மறுநாள் காலை, அவர் மனைவி சரசக்கா என் கதவைத் தட்டினார். சரசக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அந்த நேரத்தில் கிளம்பிப் போய்க்கொண்டிருக்க வேண்டியவர்.

"தம்பி, கொஞ்சம் வாங்க. உங்கண்ணன் கட்டலைப் புடிச்சுக்கிட்டு உடமாட்டேங்கறாரு. ஊடு சுத்துதுங்கறாரு."

போய்ப் பார்த்தால், வெள்ளத்தில் கட்டையைப் பிடித்திருப்பவர்போலக் கட்டிலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். கண்ணைத் திறந்தால் வாந்தி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதுக்குள் இருக்கிற பேலன்ஸ் நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர்.

"காதுலயாங்க? எனக்குக் காது நல்லாத்தான கேக்குது?" என்றார் கந்தண்ணன், கண்ணை மூடியபடியே.

மாத்திரையில் அந்தப் பெரிய சுற்றல் நின்றது. மிச்சம் ஒன்று தங்கிவிட்டது. நேராக நடந்தால் நடப்பார். யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்வார். சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். தெருமுனை டீக்கடையில் ஒருவன், "என்னுங்கண்ணா, காலங்காத்தாலயே போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டான். பாட்டிலைக் கையால் தொட்டறியாத மனிதர். சரசக்கா டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் போட்ட சத்தத்தில் அந்தக் கடையில் டீ ஆறிப்போனது.

அவர் வேலை பார்த்தது குமாரின் நிட்டிங் ஷெட்டில். மங்கலம் ரோட்டில் இருக்கிறது. குமார் ஒரு காலத்தில் கந்தண்ணனிடம் ஹெல்பராக இருந்தவர். பிறகு லோன் போட்டுச் சொந்தமாக மிஷின் இறக்கியவர். வீட்டுக்கு வந்து பார்த்தார்.

"அண்ணா, ஒடம்பு தேறட்டுமுங்க. பொங்கல் வரைக்கும் உங்க மிஷினை யாருக்கும் தரமாட்டன். திலீப்பு சும்மா பாத்துக்குவாப்ல. பொங்கல் கழிஞ்சு புது ஆர்டரு வருது, அதுக்கு நீங்க நிக்கோணும்."

திலீப் ஒடிசாக்காரர். அதே ஷெட்டில் பக்கத்து மிஷினில் இருந்தவர். பொங்கலுக்குள் கந்தண்ணன் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் கைமாறும். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

டாக்டர் எழுதிக்கொடுத்து அனுப்பிய பிசியோதெரபி சென்டரில்தான் அந்தப் பெட்டி இருந்தது. விஆர் என்கிறார்கள். வெல்டிங் கடையில் முகத்துக்குப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் உள்ளே ஒரு கடலே இருக்கிறது. மாட்டிவிடுகிற பெண் ஜான்சி. அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். பெண் இங்கேயே படித்துப் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட்டாள். பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"அண்ணாச்சி, காதுக்குள்ள ஒரு ரசமட்டம் இருக்குன்னு வச்சுக்கிடுங்க. கொத்தனார் வச்சிருப்பாருல்லா, அதுதான். உங்களுக்கு ஒரு பக்கம் பழுதாயிட்டு. மூளைக்குத் தப்புத் தப்பாச் சொல்லுது. தலையைத் திருப்பித் திருப்பி, மூளைக்கு மறுபடி பழக்கிவிடணும். அதுக்குத்தான் இந்த மீன் வெளையாட்டு. உங்களைச் சுத்தி மீன் போகும். திரும்பி அதை நேருக்கு நேராப் பாத்தா, வலை வந்து புடிச்சிரும்."

"நான் கவுச்சி தொடமாட்டனுங்களே!"

"திங்க வேண்டாம் அண்ணாச்சி. புடிச்சாப் போதும்."

வாரத்தில் சில நாட்கள் என் பழைய பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் விரல்கள் என் தோளில் இறங்கும். சென்டரில் சுற்றிலும் கம்பித் தடுப்பு வைத்து நடுவில் அவரை நிறுத்துவார்கள். ஒரே ஒரு பெட்டி, நோயாளிகளோ நிறைய. ஜான்சி பெட்டியை மாட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, அடுத்த கட்டிலில் இருப்பவரின் காலை மடக்கி நீட்டப் போய்விடுவாள். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து டேப்லெட் திரையில் மார்க்கைப் பார்ப்பாள்.

முதல் தடவை மார்க் தேறவில்லை. சட்டை நனைய வேர்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். அடுத்தடுத்து மார்க் ஏறத் தொடங்கியது. நடுக்கம் நின்றது. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சிலைபோல நின்றார். வலை விழுகிற சத்தம் மட்டும் பெட்டியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"யம்மாடி! அண்ணாச்சி, தூண் மாதிரில்லா நிக்கிய!" என்றாள் ஜான்சி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கை விழுந்துபோனவர், நல்ல கையால் தன் தொடையில் தட்டிப் பாராட்டினார். நானும் கைதட்டினேன்.

ஒரு நாள் நானும் மாட்டிப் பார்த்தேன். மீன் இந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம்... தலையைச் சுழற்றிச் சுழற்றி, கொஞ்ச நேரத்தில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. மார்க்கோ கேவலம். எந்த வியாதியும் இல்லாத எனக்கு இந்தக் கதி!

"தம்பிக்குப் பொறுமை பத்தாதுங்க" என்று கந்தண்ணன் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சரசக்காவிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சரசக்கா சிரிக்கவில்லை.

"வெளையாட்டுல தேறிட்டாரு, செரி. தண்ணி மோக்கறதுக்குத் திரும்புனா இன்னும் செவுத்தைப் புடிக்கறாரே தம்பி? அப்பறம் அந்தப் பொட்டி என்னத்தைய பாத்து மார்க்குப் போடுது?"

எவ்வளவு நல்ல கேள்வி! ஜான்சியிடம் போய் இதைச் சொன்னேன். "மார்க்கு வந்துட்டு, நடையும் பின்னாலயே வந்துரும்" என்றாள். அவளும் நம்பித்தான் சொன்னாள். அடுத்த லெவலுக்கும் மாற்றிவிட்டாள். அதிலும் கந்தண்ணனுக்கு நல்ல மார்க்.

பொங்கலுக்கு முந்திய வாரம் குமார் கூப்பிட்டார். ஒரு ஷிப்ட் நின்று பாருங்கள் என்றார். கந்தண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். நான்தான் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வரத்தான் நினைத்தேன். மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் நின்ற அழகைப் பார்த்ததும், அங்கேயே ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன ஒரு காலைப்பொழுது! துணி சுற்றுகிறது. இவர் அசையாமல் நிற்கிறார். திடீரென்று கை போய் மிஷினை நிறுத்துகிறது. குமார் வந்து பார்த்தால், கடுகளவு ஓட்டை.

"பாத்தீங்களா? எங்கண்ணன் கண்ணு!" என்று குமார் என்னிடம் சொன்னார். உடம்பு முழுக்கச் சந்தோஷம் குமாருக்கு.

அப்புறம் டீ வந்தது. கொண்டுவந்தவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணா, டீ..."

கந்தண்ணன் திரும்பினார். அவ்வளவுதான்.

கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது. பிடிக்க எதுவும் கிடைக்காமல், நூல் கோன்கள் மாட்டியிருக்கும் ஸ்டாண்டைப் பிடித்தார். கோன்கள் பொலபொலவென்று உதிர்ந்து தரையெல்லாம் உருண்டன. திலீப் பாய்ந்துவந்து மிஷினை நிறுத்தினார். சுற்றுகிற பாகத்துக்கும் கந்தண்ணன் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அடி ஏதும் படலீங்களே அண்ணா?" என்று கேட்டுவிட்டு, குமார் தானே குனிந்து ஒவ்வொரு கோனாகப் பொறுக்கினார். பொறுக்கி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சென்டரில் நடந்ததைச் சொன்னேன். ஜான்சிக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கு அவள் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. பெட்டியை மாட்டிவிட்டு, கந்தண்ணனுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டேப்லெட்டைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தாள்.

ஆட்டம் பாதியிலேயே பெட்டியைக் கழற்றினாள்.

"அண்ணாச்சி... நீங்க தலையைத் திருப்பவே இல்லையே! பின்னால போற மீனை எப்படிப் புடிக்கிய?"

"பின்னாடி போற மீனை நான் எதுக்குங்க புடிக்கோணும்?" கந்தண்ணனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அது சுத்திக்கிட்டு முன்னாடி வருமில்லீங்க? வர்றப்பப் புடிச்சுக்குவன். கண்ணை ஒரே எடத்துல வெச்சுட்டு நின்னா கிறுகிறுப்பே தெரியறதில்லீங்க."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஜான்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கிறுகிறுப்பு தெரியணும் அண்ணாச்சி. கொஞ்சமாவது வரணும். வந்து வந்துதான் அது போகும். நீங்க வரவே விடலியே..."

யாரைக் குற்றம் சொல்வது? கந்தண்ணனையா? தலைசுற்றாமல் நிற்பது எப்படி என்பதைத்தான் அவருக்கு அந்தத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தது. துணிக்குப் பதில் மீன் சுற்றியது. மிஷின் முன்னால் நின்ற மாதிரியே நின்றார். ஜான்சியையா? விழுந்துவிடுகிற வியாதிக்காரர் அசையாமல் நின்றால், குணமாகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இருக்கிற ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை கட்டிலுக்குக் கட்டில் ஓடுகிறவள் அவள். அந்த விளையாட்டையா? மீனை எண்ணச் சொன்னார்கள், எண்ணியது. எப்படிப் பிடித்தார் என்று அதனிடம் யார் கேட்டார்கள்?

மார்க்கை மட்டும் பார்த்து ஆளை முடிவுசெய்யும் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பக்கம் அதிகம் போகாதவன், எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டியும் அது நம் கூடவே நடந்து வருகிறது... ஆஸ்பத்திரிவரைக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வைத்தியம் தொடங்கியது. ஜான்சி ஆட்டத்தை மாற்றினாள். மீன் முன்னால் வருவதற்குள் மறைந்துபோகிற மாதிரி வைத்தாள். திரும்பினால்தான் உண்டு. ஒவ்வொரு திரும்பலுக்கும் பக்கத்திலேயே நின்று, "வலது பக்கம் அண்ணாச்சி... இப்பம் இடது... மேல பாருங்க" என்றாள். கந்தண்ணன் திணறிப்போனார். மார்க் அதலபாதாளத்துக்கு இறங்கியது. ஒரு நாள் பக்கெட்டில் வாந்தி எடுத்தார். வீட்டிலும் காலை மாலை தலையைத் திருப்பிப் பயிற்சி செய்யச் சொன்னாள்.

"வாந்தி எடுத்தா நல்லதாமா? இது எந்த ஊரு வைத்தியமுங்க?" என்று சரசக்கா தலையிலடித்துக்கொண்டார்.

ஆனால் அதுதான் வேலை செய்தது. சுவரைத் தடவுவது குறைந்தது. பங்குனி வெயிலில் ஒரு நாள், நானும் அவரும் ரோடு ஓரமாக நடந்துபோகும்போது பின்னால் லாரி ஹாரன். வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். திரும்பியவர் என் தோளைத் தேடவில்லை. லாரிக்காரனைத் திட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார். நடுரோட்டில் எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்ன பிரயோஜனம்? பொங்கல் போய்விட்டது. புது ஆர்டர் வந்துவிட்டது. மிஷின் திலீப்பிடம் நிரந்தரமாகப் போய்விட்டது. அவர் ஒடிசாவிலிருந்து மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்து மங்கலத்தில் வீடு எடுத்துவிட்டார். அவர்மேல் கோபப்பட முடியுமா? கந்தண்ணன் கையைக் காப்பாற்றியவரே அவர்தான். ஐப்பசியிலேயே தலையைத் திருப்பியிருந்தால்... என்று நினைப்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கந்தண்ணனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லாரி வந்தால் கேட்டைத் திறந்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் நாற்காலி.

"உக்காந்தே இருந்தா காலு மரத்துப்போகுதுங்க தம்பி" என்பார்.

நான் பொருட்காட்சிக்குப் போய்வந்த இரண்டு நாளில், அவராகவே கேட்டார். "குமாரை ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமுங்களா?"

போனோம். குமார் எழுந்துவந்து வரவேற்றார். "வாங்கண்ணா! டீ சொல்றன், இருங்க" என்றார். கந்தண்ணன் உட்காரவில்லை. ஷெட்டுக்கு நடுவில் போய் நின்றார்.

"இங்க பாரு குமாரு."

சொல்லிவிட்டுத் தலையை வேகமாக இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அப்படியே நின்ற இடத்தில் விருட்டென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். ஜான்சி சொல்லிக்கொடுத்த அத்தனையும், வரிசை மாறாமல். ஒரு அடிகூடத் தடுமாறவில்லை.

முதல் திருப்பலிலேயே பதறி ஓடிவரத் தொடங்கிய குமார், இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அண்ணா! தலையை ஆட்டாதீங்க, உழுந்துருவீங்க! திலீப்பு, அந்தச் சேரைக் கொண்டா... சீக்கிரம்!"

திலீப் ஓடிவந்து நாற்காலியைப் போட்டார். இரண்டு பேர் முகத்திலும் அத்தனை அக்கறை. கந்தண்ணன் நாற்காலியைப் பார்த்தார், குமாரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் குடித்தார். பிள்ளைகள் சௌக்கியமா என்று திலீப்பிடம் விசாரித்தார். கிளம்பிவிட்டோம்.

பைக்கில் முதல் வளைவைத் தாண்டினோம். அப்புறம் பின்னாலிருந்து குரல்.

"தம்பி... நான் உழுகலை இல்லீங்க?"

"இல்லண்ணே."

"கொஞ்சங்கூட ஆடலை?"

"ஆடலண்ணே."

"அதைய அவன் பாக்கறதுக்குள்ள ஓடியாந்து புடிச்சுட்டானுங்களே..."

ஆமாம். ஆடாமல் நின்றதைப் பார்த்தது நான் ஒருவன்தான். எனக்குச் சொந்தமாக நிட்டிங் மிஷின் இல்லை.